எட்டுப் பக்கக் கதையும் ஆறு பேருக்கு ஒரு ரூமும்

கம்பத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் நான் எழுத்தாளன் ஆனேன். 2006 ஏப்ரல். செண்பகனூர் பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் மேலே, முந்தின நாள் காற்றில் யூகலிப்டஸ் கிளை விழுந்து அறுந்துபோன டெலிபோன் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். கீழே தபால்காரர் தன் குடையை மடக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார். “சம்முகராஜ், கவிழ்ந்த குடையில இருந்து லெட்டர் வந்திருக்குங்க!” என்று கத்தினார். டீக்கடை பெஞ்சில் இருந்த நான்கு பேரும் அவர் கையிலிருந்த குடையைப் பார்த்தார்கள்.

‘கவிழ்ந்த குடை’ என்பது திண்டுக்கல்லிலிருந்து வரும் சிற்றிதழ். காலாண்டிதழ் என்று அட்டையில் போட்டிருக்கும், எந்தக் காலாண்டு என்று போட்டிருக்காது. முந்நூறு பிரதி அச்சடிப்பார்கள். அபத்தக் கதைகளையும் மீயதார்த்தக் கதைகளையும் மட்டுமே வெளியிடுவோம் என்று உள்ளட்டையில் கொட்டை எழுத்தில் எச்சரித்திருப்பார்கள். ஆசிரியர் சுவாமிநாதன் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். பழனி பஸ் ஸ்டாண்டு கடையில் யாரோ விட்டுப்போன ஒரு பழைய இதழைப் புரட்டியதிலிருந்து எனக்கு இந்த நோய் பிடித்தது. அதில் ஒரு கதையில் ஒருவன் தன் முழங்காலுக்குக் குடும்ப அட்டை கேட்டுத் தாலுகா ஆபீஸில் வரிசையில் நிற்கிறான். படித்து முடித்ததும் எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. லைன்மேன் வேலையில் இதைவிட நம்பமுடியாத வரிசைகளில் எல்லாம் நான் நின்றிருக்கிறேன். அதையெல்லாம் எழுதலாம் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

எழுதினேன். பழனி அடிவாரத்தில் குடியிருந்த மூன்று வருடத்தில் ஐந்து கதைகள் அனுப்பினேன். ஐந்துக்கும் அச்சடித்த போஸ்ட் கார்டு வந்தது. ‘தங்கள் படைப்பு கிடைத்தது’ என்று தொடங்கும். பிறகு காரணம் எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அதில் பச்சை மையில் உருண்டை உருண்டையான எழுத்தில் யாரோ நிரப்பியிருப்பார்கள். முதல் கதைக்கு ‘அபத்தம் போதவில்லை’. சரி என்று அடுத்த கதையில் ஒரு மாட்டை வட்டாட்சியர் ஆக்கினேன். ‘அபத்தம் மிகுதி’ என்று வந்தது. மூன்றாவதுக்கு ‘அபத்தம் சரியான அளவில் இருந்தும் பக்கம் இல்லை’. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் வெறும் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாக இல்லை என்று எழுதினால்கூட ஆறுதலாக இருக்கும். என் கதை தேறுமா தேறாதா என்ற ஒரே கேள்விக்குத்தான் நான் ஐந்து தடவை தபால்தலை ஒட்டினேன்.

என் மனைவி தமயந்தி இதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. “நீங்க வீட்ல பேசுறதே எனக்குப் பாதி வெளங்கல, இதுல எழுதுனது வேறயா?” என்பாள். போஸ்ட் கார்டு வந்தால் மட்டும் வாசலிலேயே வாங்கி நின்றபடி படித்துவிட்டு, “இன்னைக்குக் கோடு” என்று சொல்லிக் கொடுப்பாள்.

2005 கடைசியில் எனக்குக் கொடைக்கானலுக்கு மாற்றல் வந்தது. செண்பகனூரில் வீடு பிடித்தோம். கூடம், ஒரு படுக்கையறை, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சமையலறை. வந்து சாமான்களைப் பிரிக்கும்போது முதல் கதையின் ஜெராக்ஸ் கையில் கிடைத்தது. ‘நிழலுக்கு இடமாற்றம்’, எட்டுப் பக்கம். எனக்கு அது ஒன்றுதான் உண்மையிலேயே பிடித்த கதை. ஏதோ கோபத்தில், ஒரு எழுத்துகூட மாற்றாமல், அதற்கு இன்னொரு ஜெராக்ஸ் எடுத்து ஒரு புதிய கவரில் போட்டு, பின்பக்கம் புதிய முகவரியைத் தெளிவாக எழுதி மறுபடி அனுப்பினேன். அதற்குத்தான் இப்போது பதில் வந்திருந்தது. இந்தத் தடவை கார்டு இல்லை, இன்லண்டு லெட்டர். பச்சை மை இல்லை, நீல மையில் கிறுக்கலான பெரிய எழுத்து.

கருவிப்பையைக் கயிற்றில் கீழே விட்டு, அதில் தபால்காரர் போட்ட லெட்டரை மேலே இழுத்து, கம்பத்தைக் கட்டிக்கொண்டே பிரித்துப் படித்தேன். ‘அன்பு நண்பர் சண்முகராஜ், தங்கள் கதை உலகத்தரம். அடுத்த இதழில் வருகிறது.’ அவ்வளவுதான் கடிதம். அதற்குக் கீழே பின்குறிப்பு. மே இரண்டாம் வாரம் இதழ் நண்பர்கள் ஆறு பேர் கொடைக்கானல் வரலாம் என்றிருக்கிறோம், சீசன் நேரத்தில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்கிறார்கள், தங்களால் ஏதேனும் இயலுமா, மூன்று நாள்தான், எங்களுக்கு வசதி முக்கியமில்லை, ஆனால் வெந்நீர் இருந்தால் நலம், ஏரி பக்கமாக இருந்தால் மிக நலம் என்று அது போய்க்கொண்டே இருந்தது. நான் ‘உலகத்தரம்’ என்ற வார்த்தையை மட்டும் நாலைந்து தடவை படித்துவிட்டுக் கீழே இறங்கினேன். இறங்கினதும்தான் கம்பியை இன்னும் இணைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

தமயந்தி வழக்கம்போல நின்றபடி படித்தாள். படித்துவிட்டு விரலால் எண்ணினாள். “கதைக்கு ரெண்டு வரி. ரூமுக்குப் பதினோரு வரி.”

“எழுதுறவங்க அப்படித்தான், பாராட்டுறத சுருக்கமாச் சொல்லுவாங்க.”

“இது பழனியில இருந்து போயி திரும்பி வந்த கததான?”

“ஆமா.”

“அதுல எதுவும் மாத்துனீங்களா?”

“அட்ரஸ் மட்டுந்தான்.”

அவள் சிரிக்கவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “ஒரு சோலி பண்ணுங்க. ரூம் இல்லன்னு எழுதிப் போடுங்க. அப்புறமும் கத வந்துச்சுன்னா, கதைக்காகத்தான் எழுதுனாருன்னு வச்சுக்கலாம்” என்றாள்.

அதைவிட நேரான வழி இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. கொடைக்கானலில் வீடு இருக்கிற யாருக்கும் இந்த வழி தெரியும். என்னோடு வேலை பார்த்த சோலைமலை அண்ணன் இந்த ஊரிலேயே பிறந்தவர். சித்திரை பிறந்ததும் வாசலில் ஏணியைச் சாத்தி, பக்கத்தில் ஒரு சுண்ணாம்பு வாளியையும் வைத்துவிடுவார். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் செய்தால், “வீட்டுக்கு வெள்ளையடிச்சுக்கிட்டு இருக்கோம்ப்பா” என்பார். இருபது வருடமாக அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், இன்னும் ஒரு சுவர்கூட வெளுக்கவில்லை. “ஏலே சம்முகம், ஏணி வேணும்னா சொல்லு, எங்கிட்ட ரெண்டு கெடக்கு” என்று எனக்கும் சொன்னார்.

ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. ரூம் இல்லை என்று எழுதி, கதையும் வராமல் போய்விட்டால் எனக்குப் பதில் தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கும்வரை நான் உலகத்தரம். அன்று மாலையே எழுதிப் போட்டேன்: ‘எங்கள் வீட்டிலேயே தங்கலாம். வெந்நீர் உண்டு.’

மே பதிமூன்றாம் தேதி ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். காட் ரோட்டின் மலை வளைவுகளில் ஆறு பேரில் நான்கு பேர் வாந்தி எடுத்திருந்தார்கள். சுவாமிநாதன் மங்கி குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டு, கம்பளி மப்ளரைச் சுற்றியிருந்தார். வெளியே தெரிந்தது மூக்குக் கண்ணாடி மட்டும்தான். அவர் மனைவி கண்மணி, சுப்புராஜ் என்ற கவிஞர், பிறகு மூன்று இளைஞர்கள். மூவருக்கும் ஒரே மாதிரித் தாடி இருந்ததால் கடைசிவரை எனக்குப் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. நானும் தமயந்தியும் எங்கள் மகள் தாரணியும் சமையலறைக்குக் குடிபெயர்ந்தோம்.

நான் அவர்களைப் பற்றி ஏதேதோ நினைத்து வைத்திருந்தேன். தலைகீழாக நடப்பார்கள் என்று இல்லை, இருந்தாலும் சோற்றைப் பார்த்தாவது ஏதாவது வித்தியாசமாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் என் மாமனார் வீட்டு ஆட்களைவிடச் சாதாரணமாக இருந்தார்கள். ‘ஒழுங்கு என்பது மரணம்’ என்று பதினாறு பக்கக் கட்டுரை எழுதிய தாடிக்காரர், யார் எந்த மணிக்குக் குளிப்பது என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினார். காலத்தையே மறுக்கிற கவிஞர் சுப்புராஜ், படகுத்துறை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முதல் நாளே மூன்று தடவை கேட்டார். எல்லாரும் தூண் பாறைக்குப் போய்ப் பனியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். எல்லாரும் சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கினார்கள். போர்வைக்கு மட்டும் கொஞ்சம் சண்டை வந்தது.

கதையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் நாள் போகட்டும், பயணக் களைப்பு என்று விட்டேன். இரண்டாம் நாள் காலை ஏரியைச் சுற்றி சுவாமிநாதனோடு நடந்தபோது, “இங்க பனி எறங்கிருச்சுன்னா யாருக்கும் நெழலே விழாது சார்” என்று மெல்ல எடுத்துக் கொடுத்தேன். என் கதையின் முதல் வரியே அதுதான். பனி ஊரில் ஒருவனுடைய நிழலை மட்டும் அரசாங்கம் மாற்றல் செய்துவிடுகிறது, பனி என்பதால் ஆறு மாதம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. சுவாமிநாதன் நின்று, வானத்தைப் பார்த்து, தலையை ஆட்டினார்.

“ஆமா சண்முகராஜ். வெளிச்சமே இல்ல. போட்டோ எல்லாம் இருட்டடிச்சுத்தான் வரும்” என்றார்.

அன்று மதியம் எல்லாரும் படகு விடப் போனார்கள். கண்மணி மட்டும் தலைசுற்றல் என்று வீட்டில் தங்கிவிட்டார். நான் மழையால் வேலையைப் பாதியில் விட்டு நாலு மணிக்கே திரும்பினேன். சேற்றுக் காலோடு முன்வாசலில் ஏறினால் தமயந்தி திட்டுவாள் என்று கொல்லைப்புறமாக வந்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே மழைக்கோட்டை உதறிக்கொண்டிருந்தேன். உள்ளே காரட் நறுக்குகிற சத்தம் கேட்டது.

“உங்க வீட்டுக்காரர் கதைய நான் ஏற்கெனவே ஒருவாட்டி திருப்பி அனுப்பினேன்க்கா” என்றார் கண்மணி. “அப்ப பழனி அட்ரஸுல வந்துச்சு.”

“நீங்களா?”

“கார்டு எல்லாம் நாந்தான் எழுதுறது. வர்ற கதைய எல்லாம் வாசிக்கிறதும் நாந்தான். அவருக்கு பேங்க் விட்டு வந்தா கண்ணு எரியும்.”

“அப்ப இந்தத் தடவ உலகத்தரம்னு எழுதுனது?”

“அது அவரு.” காரட் நறுக்குகிற சத்தம் நின்றது. “தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. கவருக்குப் பின்னால கொடைக்கானல்னு பாத்தாரு. கவரப் பிரிக்கக்கூட இல்ல, அப்பவே உக்காந்து எழுதிட்டாரு. போன வருசம் ஊட்டியில ஒருத்தருக்கும் இப்படித்தான். நான் அப்புறமா பிரிச்சு வாசிச்சேன். வாசிச்ச ஒடனே தெரிஞ்சுருச்சு, பழைய கதைன்னு.”

முப்பத்தெட்டு வயது ஆள், சொந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஈர மழைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு அழாமல் நிற்பது லேசான காரியம் இல்லை. தமயந்தி சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். கடிதம் வந்த அன்றே சொன்னவள் அவள்தானே. சிரித்திருந்தால்கூட நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. “கத நல்லா இல்லியா?” என்று கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. நெழலுக்குப் பரமக்குடிக்கு டிரான்ஸ்பர் ஆகுது. அது சரி, அது நடக்கும். அங்க போயி அது தனியா ரூம் எடுத்துத் தங்குது. அதுவும் சரி. ஆனா பொண்டாட்டிக்காரி சனிக்கெழம தவறாம கேரியர்ல சோறு கட்டிக்கிட்டு அதப் பாக்கப் போறா. அது சோத்தோட நெழல மட்டும் தின்னுட்டு அனுப்பிடுது. இவ நெறஞ்ச கேரியரத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வர்றா. வாரா வாரம் இதே கூத்து. அதத்தான் என்னால நம்ப முடியலக்கா. வெறும் நெழலப் பாக்க எவ பஸ் ஏறிப் போவா?”

உள்ளே தமயந்தி ஸ்டவ்வை அணைக்கிற சத்தம் கேட்டது.

“பரமக்குடின்னா எழுதியிருக்காரு?” என்றாள் தமயந்தி.

“ஆமாக்கா.”

“நான் போனேன்.” அவள் குரல் மாறவே இல்லை, காரட் என்ன விலை என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். “பழனியில இருக்கையில இவர டெம்ப்ரவரி டூட்டின்னு அங்க தூக்கிப் போட்டாங்க. ஏழு மாசம். வெள்ளனே எந்திரிச்சு ஆக்கி, பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டுப் போவேன். மெஸ்ல சாப்புட்டேன்னு ரெண்டு வாய் அள்ளிட்டு மூடிருவாரு. ஒரு வார்த்த பேச மாட்டாரு. ஜன்னல் வழியா கம்பத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. நெறஞ்ச கேரியரோடதான் திரும்பி வருவேன்.”

“எதுக்குக்கா அப்புறமும் போனீங்க?”

“போகாம?” என்றாள் தமயந்தி.

நான் சத்தம் காட்டாமல் திரும்பி நடந்து, டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். அந்த ஏழு மாதத்தை அவள் ஒருநாளும் பேச்சில் எடுத்ததில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து, அந்தத் தைரியத்தில்தான் நான் அதை எழுதினேன். டீ ஆறிப்போனதைப் பார்த்துக் கடைக்காரர், நான் கேட்காமலே இன்னொன்று போட்டு வைத்தார்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அவர்கள் வேன். எட்டு மணிக்கே குளித்து, அட்டவணைப்படி தலைசீவி, ஆறு பேரும் கூடத்தில் வரிசையாகப் பாயில் உட்கார்ந்தார்கள். எவர்சில்வர் தட்டுகள் வைத்தாகிவிட்டது. இட்லி வாசனை பலகைத் தடுப்பைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் முழுக்க நான் சுவாமிநாதனிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். ‘என் கதையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்’ என்று தொடங்கும். தொடங்க வாயெடுத்தபோது அவரே முந்திக்கொண்டார்.

“டிசம்பர்ல இங்க குளிரு எப்படி சண்முகராஜ், தாங்குமா? கிறிஸ்மஸ் லீவுல ஒரு ட்ரிப் போடலாமானு யோசன.”

“வாங்க சார்” என்றேன். எனக்கே என்னை ஒரு அறை விடவேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் தமயந்தி வந்தாள். கையில் இட்லிச் சட்டி இல்லை, என் கதையின் ஜெராக்ஸ் இருந்தது. பரண் மேல் டிரங்குப் பெட்டியில், மழைக்குப் பயந்து பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்தேன். எப்போது ஏறி எடுத்தாள் என்று தெரியவில்லை. அதை சுவாமிநாதன் முன்னால் நீட்டினாள்.

“சார், இதக் கொஞ்சம் வாசிங்க. சத்தமா வாசிங்க, எனக்கும் கேக்கணும்.”

சுவாமிநாதன் தலைப்பைப் பார்த்தார். குல்லாவுக்குள் முகம் மாறியதா என்று தெரியவில்லை. “ஏற்கெனவே… ஊருக்குப் போயி நிதானமா மறுபடி ஒருதடவ…” என்றார்.

“நிதானமா இங்கயே வாசிங்க சார். வேனு ஒம்போதுக்குத்தான? வாசிச்சு முடிக்கவும் இட்லி வரவும் சரியா இருக்கும். டிசம்பருக்கும் வாங்க, வேணாம்னு சொல்லல. வாசிக்காம வந்தீங்கன்னா மட்டும் வெள்ளையடிச்சுக்கிட்டு இருப்போம்.”

தாடிக்காரர்கள் மூவரும் பலகைத் தடுப்பைப் பார்த்தார்கள். கண்மணி தலையைக் குனிந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

சுவாமிநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசிக்கத் தொடங்கினார். முதல் பக்கத்தைக் கவுண்டரில் விண்ணப்பப் படிவம் வாசிப்பது மாதிரி ஒரே மூச்சில் வாசித்தார். அந்தக் குரலில் கேட்டபோது அதைவிட மட்டமான கதை உலகத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. இரண்டாம் பக்கத்தில், மாற்றல் உத்தரவை வாங்கிக்கொள்ள நிழல் கையெழுத்துப் போடவேண்டும், அதற்கு மையின் நிழல் வேண்டும் என்று எழுத்தர் அடம்பிடிக்கிற இடத்தில் சுப்புராஜ் களுக்கென்று சிரித்தார். சுவாமிநாதன் நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு, அந்த வரியை இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவாக வாசித்தார். அதற்குப் பிறகு அவசரம் போய்விட்டது. நாலாம் பக்கத்தில் அந்தப் பெண் சனிக்கிழமை விடிகாலையில் கேரியரோடு கிளம்பினாள். தமயந்தி தடுப்பில் சாய்ந்து தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“‘இரண்டு பேருந்து ஏறி இறங்கி அவள் பரமக்குடி போய்ச் சேர்ந்தபோது…’”

“மூணு பஸ்ஸு” என்றாள் தமயந்தி.

சுவாமிநாதன் நிறுத்தினார்.

“திண்டுக்கல்ல ஒண்ணு மாறணும், மதுரையில ஒண்ணு மாறணும். மொத்தம் மூணு பஸ்ஸு. பிள்ளையும் இருக்கும் இடுப்புல.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாக்கியம் நீளமாகிறது என்று நான்தான் ஒரு பஸ்ஸைக் குறைத்திருந்தேன். பிள்ளையை ஏன் விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. “மூணுதான் சார்” என்றேன். சுவாமிநாதன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, இரண்டை அடித்து, மேலே மூன்று என்று எழுதினார். கண்மணி கை நீட்டிப் பேனாவை வாங்கி, ஓரத்தில் பிள்ளையையும் சேர்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வாசலில் வேன்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஆறாம் பக்கம் முடிந்து ஏழாம் பக்கம் வந்ததும் சுவாமிநாதனின் குரல் இறங்கிக்கொண்டே போய், ஒரு இடத்தில் நின்றே போய்விட்டது. ஆனால் வாசிப்பதை அவர் நிறுத்தவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. “சார், சத்தமா!” என்றார் ஒரு தாடிக்காரர். அது அவர் காதில் விழவில்லை. இடது கையால் தாளைத் திருப்பி எட்டாம் பக்கத்துக்குப் போனார். தமயந்தி இன்னும் இட்லி எடுக்கப் போகவில்லை, தடுப்பிலிருந்து விலகி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குல்லாத் தலையைத் தாளின் மேல் கவிழ்த்தபடி, சுவாமிநாதன் தன் வலது கையால் எதிரே இருந்த வெறும் தட்டில் இட்லியைத் தேடித் தடவிக்கொண்டே இருந்தார்.